ஒரே ஆட்டத்தில் விம்பிள்டன்: டாக்டர் ஜோஷுவா பிம்மும் டென்னிஸின் பழைய விதிகளும்

இன்றைக்கு விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வேண்டுமென்றால் இரண்டு வாரத்தில் ஏழு சுற்றுகளைத் தாண்டியாக வேண்டும். 1894-இல் ஜோஷுவா பிம் என்ற ஐரிஷ்காரர் ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். 10–8, 6–2, 8–6 என்று நேர் செட்களில் ஜெயித்தார், பட்டம் அவருக்கு. இதில் தில்லுமுல்லு எதுவும் கிடையாது, அன்றைய விதியே அதுதான். இன்னொரு விஷயம், பிம்மின் தொழில் டென்னிஸ் அல்ல. அவர் டாக்டர்.

முழுநேரத் தொழில் ஒன்றை வைத்துக்கொண்டு ஒருவர் உலகின் முதல்நிலை ஆட்டக்காரராக இருந்தது எப்படி? பிம் திறமைசாலி என்பது பதிலில் பாதிதான். மீதிப் பாதி, அன்றைய டென்னிஸ் எப்படி நடத்தப்பட்டது என்பதில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள இரண்டு விஷயங்கள் தெரிந்தால் போதும்: ஒன்று 'சேலஞ்ச் ரவுண்டு', மற்றது 'அமெச்சூர்'. இரண்டையும் பிம்மின் கதையை வைத்தே பார்த்துவிடலாம்.

பிம் பிறந்தது 1869 மே 20, டப்ளினுக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் ப்ரே என்ற ஊரில். அயர்லாந்தும் பிரிட்டனும் அப்போது ஒரே நாடு. டென்னிஸிலோ டப்ளின் யாருக்கும் பின்னால் நிற்கவில்லை. ஃபிட்ஸ்வில்லியம் லான் டென்னிஸ் கிளப் 1877-இலேயே தொடங்கிவிட்டது. விம்பிள்டனின் முதல் போட்டி நடந்ததும் அதே ஆண்டுதான். 1879-இல் டப்ளினில் ஐரிஷ் சாம்பியன்ஷிப் ஆரம்பமானபோது பெண்களுக்கும் ஒற்றையர் போட்டி வைத்தார்கள். விம்பிள்டன் பெண்களை உள்ளே விட்டது 1884-இல்தான். போட்டி நடந்த ஃபிட்ஸ்வில்லியம் சதுக்கத்தைச் சுற்றிலும் வசதியான தொழில்காரர்களின் வீடுகள். டாக்டர், வக்கீல், பல் டாக்டர் என்று அந்த வட்டாரத்து ஆட்களே மட்டையையும் பிடித்தார்கள்.

1890-இல் இந்த ஐரிஷ்காரர்கள் விம்பிள்டனையே வாரிக்கொண்டு போனார்கள். ஆண்கள் ஒற்றையரில் வில்லோபி ஹாமில்டன், பெண்கள் ஒற்றையரில் டிப்பரரி மாவட்டத்து லேனா ரைஸ், ஆண்கள் இரட்டையரில் பிம்மும் ஃபிராங்க் ஸ்டோக்கரும். பிம்முக்கு வயது 21. ஸ்டோக்கர் பல் மருத்துவத் தொழிலில் இருந்தவர், அயர்லாந்து ரக்பி அணிக்கும் ஆடியவர். சர்வதேச ரக்பி ஆடி விம்பிள்டன் பட்டமும் வென்றவர் என்று வேறு யாரும் கிடையாது. பிறகு 1893-இலும் இந்த ஜோடி இரட்டையரை வென்றது.

சேலஞ்ச் ரவுண்டு

இந்த முறை விம்பிள்டனின் இரண்டாவது ஆண்டிலேயே, 1878-இல், வந்துவிட்டது. போன வருடத்து சாம்பியன் போட்டிக்குள் இறங்க வேண்டியதில்லை, உட்கார்ந்து பார்த்தால் போதும். மற்றவர்கள் எல்லோரும் தங்களுக்குள் சுற்றுச் சுற்றாக மோதுவார்கள். அந்தப் பகுதிக்கு 'ஆல் கம்மர்ஸ்' என்று பெயர். அதில் கடைசியாக நிற்பவர் சாம்பியனுக்குச் சவால் விடுவார். அந்த ஒரு ஆட்டம்தான் சேலஞ்ச் ரவுண்டு. அதில் யார் ஜெயிக்கிறாரோ அவரே அந்த ஆண்டின் சாம்பியன்.

செஸ் பார்ப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. குகேஷ் முதலில் டொரன்டோவில் கேண்டிடேட்ஸ் போட்டியை ஜெயித்தார், அதன் பிறகுதான் 2024 நவம்பர்–டிசம்பரில் சிங்கப்பூரில் சாம்பியன் டிங் லிரனுக்கு எதிரே உட்கார்ந்தார். டிங் கேண்டிடேட்ஸில் ஆடவில்லை, சவால்காரருக்காகக் காத்திருந்தார். அந்தக் கால விம்பிள்டனும் இப்படித்தான். ஒரே வித்தியாசம், இங்கே இரண்டு கட்டமும் ஒரே போட்டிக்குள், ஒரே மைதானத்தில் முடிந்துவிடும்.

சாம்பியன் வராவிட்டால்? அப்போது ஆல் கம்மர்ஸ் வெற்றியாளருக்கே பட்டம். இது அடிக்கடி நடந்தது. 1878-இல் நடப்பு சாம்பியன் ஸ்பென்சர் கோரைத் தோற்கடித்தவர் ஃபிராங்க் ஹேடோ. இலங்கையில் காபித் தோட்டம் நடத்தி வந்தவர், விடுமுறைக்கு இங்கிலாந்து வந்த இடத்தில் மட்டையைப் பிடித்தார். வலையருகே பாய்ந்து வந்து அடிக்கும் கோரின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டே ஜெயித்தார். இன்று 'லாப்' என்கிறோமே, அந்த அடிதான். பட்டத்தோடு தோட்டத்துக்குத் திரும்பியவர் அடுத்த வருடம் வரவில்லை. 1879-இல் ஆல் கம்மர்ஸை வென்ற ஜான் ஹார்ட்லி சவால் ஆட்டம் இல்லாமலே சாம்பியன் ஆனார்.

ஹார்ட்லி ஒரு பாதிரியார். அவ்வளவு தூரம் போவோம் என்று அவரே நினைக்கவில்லை, அதனால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு மாற்று ஏற்பாடு எதுவும் செய்து வைக்கவில்லை. போட்டிக்கு நடுவே யார்க்‌ஷயரில் உள்ள தன் தேவாலயத்துக்கு ரயிலேறிப் போய், ஆராதனையை முடித்துவிட்டு, திங்கட்கிழமை விம்பிள்டனுக்குத் திரும்பி வந்து ஆடினார். டென்னிஸ் வீரர்கள் தங்கள் வேலைக்கு நடுவே டென்னிஸை எந்த இடத்தில் வைத்திருந்தார்கள் என்று காட்ட இதைவிட நல்ல சம்பவம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது பிம்முக்கு வருவோம். 1891 முதல் 1894 வரை நான்கு வருடமும் விம்பிள்டன் ஒற்றையரின் கடைசி ஆட்டத்தில் அதே இரண்டு பேர்: பிம்மும் லண்டன் இளைஞர் வில்ஃப்ரட் பேட்லியும். பேட்லியும் முழுநேர ஆட்டக்காரர் அல்ல, சட்டத் தொழிலுக்குப் போனவர். 1891-இல் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 19. அந்த இளவயதுச் சாதனையை 1985-இல் போரிஸ் பெக்கர் வந்துதான் உடைத்தார்.

1891-இல் சாம்பியன் ஹாமில்டன் வரவில்லை. ஆகவே பிம்மும் பேட்லியும் மோதிய ஆல் கம்மர்ஸ் இறுதி ஆட்டமே பட்டத்துக்கான ஆட்டமாகிவிட்டது. மூன்றாவது செட்டை 7–5 என்று பறிகொடுத்த பிம், நான்காவதில் ஒரு கேம்கூட எடுக்காமல் சரிந்தார். 1892-இல் பிம் மறுபடி எல்லாச் சுற்றையும் தாண்டி வந்தார். இந்த முறை பேட்லி சாம்பியன் நாற்காலியில் காத்திருந்தார். முதல் செட்டைப் பிம் எடுத்தார், அடுத்த மூன்றும் பேட்லிக்கு. 1893-இல் பிம் மூன்றாவது தடவையாக வந்தார். ஆல் கம்மர்ஸ் இறுதியில் இன்னொரு ஐரிஷ்காரர் ஹெரால்ட் மஹோனியை வீழ்த்திவிட்டு, சேலஞ்ச் ரவுண்டில் பேட்லியை 3–6, 6–1, 6–3, 6–2 என்று சாய்த்தார்.

அதற்குப் பிறகுதான் 1894. நிலைமை தலைகீழ். இப்போது காத்திருந்தவர் பிம், சுற்றுச் சுற்றாக ஆடி வந்தவர் பேட்லி. அந்த ஒற்றை ஆட்டத்தில் முதல் செட் 10–8. டை-பிரேக் என்ற ஏற்பாடே அன்று கிடையாது. இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை இழுத்துக்கொண்டே போக வேண்டும். விம்பிள்டனுக்கு டை-பிரேக் வந்தது 1971-இல்தான்.

காத்திருப்பது சாம்பியனுக்கு வசதிதான். களைப்பு இல்லை, காயம் இல்லை, நழுவிப்போகும் சின்ன ஆட்டங்கள் இல்லை. வேலைக்குப் போகும் மனிதருக்கு அதைவிடப் பெரிய வசதி லீவு கணக்கு. பிம் வசிக்கும் பக்கத்தில்தான் கிங்ஸ்டவுன் துறைமுகம், இன்றைய பெயர் டன் லீரி. அங்கிருந்து தபால் கப்பல் வேல்ஸின் ஹோலிஹெட்டுக்குப் போகும். அங்கே ரயில் ஏறினால் லண்டன். ஒரே ஆட்டத்துக்கு என்றால் சில நாளில் போய்த் திரும்பிவிடலாம்.

மறுபக்கமும் உண்டு. காத்திருப்பவருக்கு அந்தப் போட்டியில் ஆடிய பழக்கமே இருக்காது. எதிரே வருபவரோ பல ஆட்டம் ஆடிக் கை பதமாகி வருவார். நன்மையா தீமையா என்று அந்தக் காலத்திலேயே வாதம் நடந்தது. என் பார்வையில் நன்மைதான் கூடுதல். வில்லியம் ரென்ஷா 1881 முதல் 1886 வரை தொடர்ந்து ஆறு பட்டம் வென்றார் என்று படிக்கும்போது பிரமிப்பாக இருக்கும். முதலாவதைத் தவிர ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரே ஆட்டத்தில் காப்பாற்றிக்கொண்டது. ரென்ஷாவின் மொத்த ஏழையும் ஃபெடரரின் எட்டையும் ஒரே தராசில் வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அமெச்சூர் என்றால் யார்?

சுருக்கமான விடை: காசு வாங்காமல் ஆடுபவர். கோப்பை வாங்கலாம், பரிசுப் பொருள் வாங்கலாம், சம்பளமோ ரொக்கப் பணமோ கூடாது. 1877-இல் முதல் விம்பிள்டன் சாம்பியனுக்குக் கொடுத்தது 12 கினி மதிப்புள்ள தங்கப் பரிசு (ஒரு கினி என்பது ஒரு பவுண்டைவிடக் கொஞ்சம் அதிகம்). உள்ளே வர நுழைவுக் கட்டணம் ஒரு கினி.

இந்தச் சுருக்கமான விடை ஒரு விஷயத்தை மறைத்துவிடுகிறது. காசு வாங்காமல் ஆட வேண்டுமென்றால் வேறெங்கிருந்தாவது காசு வந்தாக வேண்டும். ஹேடோவுக்கு அது இலங்கை மலைகளின் காபியிலிருந்து வந்தது. அந்தத் தோட்டங்களில் முதுகொடிய உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போன கூலித் தொழிலாளர்கள். விம்பிள்டன் புல்தரைக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இருப்பதாக அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பிம்முக்கும் ஸ்டோக்கருக்கும் பேட்லிக்கும் படிப்பும் தொழிலும் இருந்தன. வாரம் முழுக்க ஆலையில் நின்று கூலி வாங்குபவருக்கு ஒரு பகல்கூட மட்டை பிடிக்கக் கிடைக்காது.

சில விளையாட்டுகளில் இதை எழுதியே வைத்தார்கள். ஹென்லி படகுப் போட்டியின் 1879 விதிப்படி கைவினைஞர், கூலித் தொழிலாளி ஆகியோர் அமெச்சூரே அல்ல, அவர்கள் படகுப் போட்டியில் ஒரு காசு வாங்காவிட்டாலும் சரி. டென்னிஸில் அப்படி எழுத வேண்டிய அவசியம் வரவில்லை. கிளப் சந்தாவும் வெள்ளை உடுப்பும் நுழைவுக் கட்டணமும் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன.

அந்தக் காலக் கிரிக்கெட்டில் அமெச்சூருக்கு 'ஜென்டில்மேன்' என்றும் காசு வாங்குபவருக்கு 'பிளேயர்' என்றும் பெயர். உடை மாற்றும் அறைகூடத் தனித்தனி. ஸ்கோர் அட்டையில் அமெச்சூரின் இனிஷியல் பெயருக்கு முன்னால் வரும், தொழில்முறை ஆட்டக்காரருக்குப் பின்னால். ஒருமுறை லார்ட்ஸ் மைதானத்தில் தொழில்முறை ஆட்டக்காரர் ஃப்ரெட் டிட்மஸின் இனிஷியல் தவறிப்போய் முன்னால் அச்சாகிவிட்டது. 'எஃப்.ஜே. டிட்மஸ்' என்று இருப்பதை 'டிட்மஸ், எஃப்.ஜே.' என்று வாசித்துக்கொள்ளவும் என ஒலிபெருக்கியில் திருத்தம் சொன்னார்கள். இத்தனைக்கும் கிரிக்கெட் உலகின் மிகப் பிரபலமான 'அமெச்சூர்' டபிள்யூ.ஜி. கிரேஸும் ஒரு டாக்டர்தான். அவர் செலவுக்காசு என்ற பெயரில் வாங்கிய தொகை பல தொழில்முறை ஆட்டக்காரர்களின் சம்பளத்தைவிட அதிகம்.

பிம் மீது அப்படி ஒரு கறை இல்லை. அவருக்கு டென்னிஸ் சோறு போடவில்லை, போட வேண்டிய தேவையும் இல்லை. 1895-இல் நடந்ததை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் சுலபமாகப் புரியும். அந்த ஆண்டும் டப்ளினில் ஐரிஷ் பட்டத்தை வென்றார். 1893, 1894-ஐயும் சேர்த்தால் அது தொடர்ந்து மூன்றாவது. ஆனால் விம்பிள்டனுக்குப் போகவில்லை. அங்கே அவருக்காக ஒரே ஒரு ஆட்டம்தான் காத்திருந்தது, 26 வயதில் உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் என்ற பெயரும் இருந்தது. இன்றைய வீரர் ஒருவர் இப்படி விலகினால் கோடிகளை விட்டுப் போகிறார் என்று தலைப்புச் செய்தி வரும். பிம் விட்டுப் போனது ஒரு கோப்பையை. கையில் மருத்துவம் இருந்தது, அதைப் பார்க்கப் போனார்.

மிஸ்டர் எக்ஸ்

கதை அங்கேயே முடிந்திருந்தால் பிம்முக்கு நல்லது. 1902-இல் நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பைப் போட்டி குறுக்கே வந்தது. 1900-இல் தொடங்கிய அந்தப் போட்டியில் அப்போது இரண்டே அணிகள்தான்: அமெரிக்காவும் பிரிட்டிஷ் தீவுகளும். இங்கிலாந்தின் டோஹெர்ட்டி சகோதரர்கள் ரெஜியும் லாரியும் அணியில் உறுதி. மூன்றாவது ஆளின் பெயரை வெளியிடாமல் 'மிஸ்டர் எக்ஸ்' என்று மட்டும் அறிவித்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில், பே ரிட்ஜ் பகுதி மைதானத்தில் முகமூடி கழன்றபோது தெரிந்தது டாக்டர் பிம். வயது 33. முன்னணி டென்னிஸை விட்டு விலகிப் பல வருடம் ஆகிவிட்டது, உடம்பும் பழைய உடம்பு இல்லை.

அவரைக் கூட்டிக்கொண்டு போனதுகூடத் தப்பில்லை. ஒற்றையரில் அவரை இறக்கியதுதான் பிசகு. அணித் தலைவர் வில்லியம் காலின்ஸ், லாரி டோஹெர்ட்டியை இரட்டையருக்காகக் களைப்பில்லாமல் வைத்திருக்க நினைத்தார். அந்த லாரி அதே ஆண்டின் விம்பிள்டன் சாம்பியன்! பிம் முதலில் மால்கம் விட்மனிடம் 6–1, 6–1, 1–6, 6–0 என்று தோற்றார். அடுத்து அமெரிக்க சாம்பியன் வில்லியம் லார்னடிடம் நேர் செட்களில் தோற்றார். ரெஜி ஒரு ஒற்றையரையும் சகோதரர்கள் இருவரும் சேர்ந்து இரட்டையரையும் ஜெயித்தார்கள். அமெரிக்கா 3–2. பிம்மின் இரண்டு ஆட்டத்தில் ஒன்று மாறியிருந்தாலும் கோப்பை கைமாறியிருக்கும். அடுத்த வருடம் அணிக்காகக் களம் இறங்கியவர்கள் அந்தச் சகோதரர்கள் இருவர் மட்டுமே, கோப்பை பிரிட்டிஷ் தீவுகளுக்கு வந்து சேர்ந்தது.

இந்தத் தோல்விக்குப் பிம்மைக் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் பகல் முழுக்க நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். 1890-களில் ஒரு டாக்டர் சாம்பியனாக இருக்க முடிந்தது, ஏனென்றால் எதிரே நின்றவர்களும் வக்கீல்களும் பாதிரியார்களும்தான். டோஹெர்ட்டிகள் வருடம் பூராவும் போட்டி போட்டியாகச் சுற்றி ஆடியவர்கள். அவர்களும் காசு வாங்காத அமெச்சூர்தான், ஆனால் ஆட்டமே அவர்களின் வேலை. பேப்பரில் விதி மாறவில்லை, மைதானத்தில் மாறிவிட்டது.

பிம் அயர்லாந்து திரும்பினார். டப்ளினுக்குத் தெற்கே லாக்லின்ஸ்டவுனில் உள்ள செயின்ட் கொலம்கில் மருத்துவமனை, ஒரு காலத்தில் ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய 'ஒர்க்ஹவுஸ்' இருந்த இடம். அங்கே நெடுங்காலம் மருத்துவ அதிகாரியாக இருந்தார். 1942 ஏப்ரல் 15 அன்று பக்கத்துக் கில்லைனியில் காலமானார். அவர் விம்பிள்டனை விட்டு விலகிய பிறகு 1896-இல் மஹோனி அங்கே ஒற்றையரை வென்றிருந்தார். அதோடு சரி, இன்றுவரை விம்பிள்டன் ஒற்றையரில் அயர்லாந்துக்கு இன்னொரு சாம்பியன் இல்லை.

சேலஞ்ச் ரவுண்டு விம்பிள்டனில் கடைசியாக நடந்தது 1921-இல். உடம்பு சரியில்லாமல் இருந்த பில் டில்டன் அந்த ஒரே ஆட்டத்துக்கு எழுந்து வந்து, முதல் இரண்டு செட்டையும் இழந்து, பிறகு பிரையன் நார்ட்டனை ஜெயித்தார். 1922-இல் விம்பிள்டன் இன்றைய சர்ச் ரோடு மைதானத்துக்கு இடம் மாறியபோது அந்த முறையையும் கைவிட்டார்கள். டேவிஸ் கோப்பையில் மட்டும் 1971 வரை ஓடியது.

அமெச்சூர் விதி அதைவிட ஆயுசு கெட்டியாக இருந்தது. 1950-களில் எல்லாம் பெயருக்குத்தான் அமெச்சூர், மேசைக்கு அடியில் பணம் கைமாறியது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். வெளிப்படையாகப் பணம் வாங்கியவர்கள்தான் தண்டனை அனுபவித்தார்கள். ராட் லேவர் 1962-இல் நான்கு கிராண்ட் ஸ்லாமையும் வென்றுவிட்டுத் தொழில்முறைக்கு மாறினார், ஐந்து வருடம் விம்பிள்டன் வாசல் அவருக்கு மூடிக் கிடந்தது. 1968-இல்தான் போட்டிகள் எல்லோருக்கும் திறந்தன. அந்த ஆண்டு லேவரே ஜெயித்தார், பரிசு 2,000 பவுண்டு. பெண்கள் ஒற்றையரில் பில்லி ஜீன் கிங்குக்கு 750.

விம்பிள்டனின் பழைய சாம்பியன் பட்டியலைப் புரட்டுபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 1922-க்கு முந்தைய வரிகளில் 'இறுதி ஆட்டம்' என்று பார்த்தால், அது சேலஞ்ச் ரவுண்டா, சாம்பியன் வராததால் ஆல் கம்மர்ஸ் இறுதியே பட்டமாக ஆனதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1895-க்கு நேரே பேட்லி ஜெயித்ததாகவும் வில்பர்ஃபோர்ஸ் ஈவ்ஸ் தோற்றதாகவும் இருக்கும். அங்கே பிம்மின் பெயரைத் தேடாதீர்கள், சாம்பியனாக இருந்தும் அவர் வரவே இல்லை. ஐந்து செட் வரை பேட்லியை இழுத்தடித்த அந்த ஈவ்ஸ் யாரென்றால், அவரும் ஒரு டாக்டர்.